வெறுமையாய்க் கிடந்த நான்கு ஆசனங்கள்



“அரசியல் நமக்கெதற்கு? பிள்ளை படித்து ஓர் உத்தியோகம் பார்த்தாற் போதும்” என்று நம் வீடுகளிற் பெற்றோர் சொல்வதுண்டு. போரையும் இடப்பெயர்வையும் கண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய கசப்புக்குக் காரணம் உண்டு. ஆயினும் அச்சொல் சரிதானா என இவ்வாரம் சிந்திப்போம்.

கிணற்றடியில் அரசு

நமது குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைகளுக்கிடையே தங்கும் மழைநீரே நமக்குக் கிணற்று நீர். உங்கள் கிணற்றை நீங்கள் எத்தனை முறை இறைத்துத் துப்புரவாக்கினாலும், அயல் வளவு மலக்குழியின் கழிவும் தோட்டத்து உரமும் நிலத்தடியால் ஊறி அதில் வந்து சேரலாம். வேலி மண்ணுக்கு மேலேதான். நீருக்கு வேலி இல்லை. ஆகவே எல்லாரையும் கட்டுப்படுத்தும் பொது விதி ஒன்று வேண்டும். அதை வகுத்து நடைமுறைப்படுத்துவதே அரசின் வேலை. பிள்ளையின் இலவசப் பாடநூல், ஆஸ்பத்திரி மருந்து, ஒழுங்கை விளக்கு, சந்தைக் குப்பை யாவும் இவ்வாறே. நாம் அரசியலை விட்டு விலகினாலும் அரசு நம் முற்றத்தை விட்டு விலகுவதில்லை.

1931 தரும் பாடம்

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ், 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் இது புதுமை. அவ்வேளையில் இங்கு செல்வாக்குடன் விளங்கியது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் தொடங்கிய இயக்கம் அது. சாதி வேற்றுமையை எதிர்த்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையென்று அவ்வியக்கம் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி கேட்டது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் போட்டியிடவில்லை.

அவர்களின் நோக்கம் உயர்ந்தது. தியாக உணர்வும் மெய்யானது. ஆனால் விளைவு என்ன? அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தது. கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி என்பன அக்குழுக்களிலேயே ஆராயப்பட்டன. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. நம்மவர் இல்லையென்று சபை வேலையை நிறுத்தவில்லை. நம்மைப் பற்றிய தீர்மானங்கள் நம் குரலின்றியே எடுக்கப்பட்டன. எதிர்ப்பதும் பங்குபற்றலே. ஆனால் காலியான ஆசனம் எதிர்த்துப் பேசவும் மாட்டாது.

இளைஞர் செய்யக்கூடியவை

1959இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. இளைஞரே, விதானையார் கொண்டுவரும் வாக்காளர் பதிவுப் படிவத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இடாப்பில் பெயரில்லாதவர் வாக்களிக்க முடியாது.

வாக்களிப்பதோடு கடமை முடிவதுமில்லை. யாழ். மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் பதின்மூன்று உண்டு. 2025 மே 6இல் இவற்றுக்குத் தேர்தல் நடந்தது. உங்கள் வட்டாரத்து உறுப்பினர் யார்? ஒழுங்கையைத் திருத்த எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் இதைக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை உரிய அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஒரு கடிதம் எழுத உத்தியோகமும் வேண்டாம், கட்சியும் வேண்டாம்.

பொது நன்மைக்காக வாக்கைப் பயன்படுத்துவது உரிமை மட்டுமல்ல, கடமையுமாகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் நினைவூட்டியது. பெற்றோரே, “நமக்கெதற்கு?” என்று பிள்ளையைத் தடுக்குமுன் அந்த நான்கு ஆசனங்களை எண்ணிப் பாருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. இன்று நம் வீட்டில் அரசின் கை படாத காரியம் எது?
2. 1931இல் நாம் வாழ்ந்திருந்தால் என்ன செய்திருப்போம்?
3. நம் வட்டாரத்தின் எந்தக் குறையைப் பற்றி இவ்வாரம் கடிதம் எழுதலாம்? யார் எழுதுவது?