காட்டுப் பூவும் வீட்டுப் பூவும்

வலியசாலை, திருவனந்தபுரம் நகரில் உள்ள பழைய பகுதி. இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அக்கிரகாரத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். தோட்டம் போட இடம் குறைவு. ஆனாலும் பூச்செடி வளர்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

இந்த வீடுகளுக்கு ஏற்ற செடி ஒன்று உண்டு. அதன் பெயர் ஆர்க்கிட். மலையாளத்தில் மரவாழை என்பார்கள். பலவகை ஆர்க்கிட் செடிகளுக்கு மண்ணே வேண்டாம். காட்டில் அவை மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும். ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் வேர்களே பிடித்துக்கொள்ளும்.

வளர்ப்பது எப்படி?

வீட்டில் வளர்க்க டென்ட்ரோபியம் என்ற வகை எளிது. பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண்தொட்டி ஒன்றை எடுங்கள். அதில் ஓட்டுத் துண்டு, அடுப்புக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு போடுங்கள். அதன் மேல் செடியை வையுங்கள். ஆடாமல் கட்டி விடுங்கள்.

தொட்டியை முற்றத்து ஓரத்திலோ மாடியிலோ தொங்க விடலாம். காலை வெயில் நல்லது. உச்சி வெயில் பட்டால் இலை கருகும். நிழல் அதிகமானால் இலை செழிக்கும், பூ வராது.

காலையில் தண்ணீர் தெளியுங்கள். நனைந்த வேர் பச்சையாக இருக்கும். காய்ந்தால் வெள்ளையாகும். வெள்ளையான பிறகு மறுபடி தெளித்தால் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மழைக்காலத்தில் கவனம் தேவை.

பூத்தால் பல வாரம் வாடாது. பழைய தண்டில் சில நேரம் குட்டிச் செடி முளைக்கும். அதற்கு வேர் விட்டதும் வெட்டி வேறு தொட்டியில் வைக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

ஆசை அளவு மீறினால்?

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே அகத்தியமலை இருக்கிறது. அங்கே ஓர் அபூர்வ ஆர்க்கிட் உண்டு. இது தரையில் வளரும் வகை. பூ மஞ்சள் நிறம். இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும். கீழ் இதழ் செருப்பின் முனைபோல் குழிந்திருக்கும். 1865 இல் ட்ரூரி என்ற ஆங்கிலேய அதிகாரி இதைக் கண்டார். அவர் பெயரே செடிக்கும் வந்தது. உலகில் வேறு எந்தக் காட்டிலும் இது இல்லை.

அபூர்வச் செடி என்றதும் பலருக்கு ஆசை வந்தது. வியாபாரிகள் வேரோடு பிடுங்கிச் சென்றார்கள். காட்டுத் தீயும் சேர்ந்துகொண்டது. செடி அழியும் நிலைக்கு வந்துவிட்டது.

ஆர்க்கிட் விதை தூசி போன்றது. அதற்குள் உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை உதவினால்தான் முளைக்கும். வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் பிடுங்கிய வேகத்துக்குக் காடு ஈடு கொடுக்க முடியாது.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. இந்த நிறுவனம் 1979 இல் தொடங்கியது. இங்குள்ள அறிவியலாளர்கள் அந்தச் செடியைக் கண்ணாடிக் குடுவையில் சத்து கொடுத்து வளர்த்தார்கள். பிறகு காட்டிலும் நட்டார்கள். 1972 ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில், செருப்புப் போன்ற பூ உள்ள ஆர்க்கிட் வகைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. அவற்றைக் காட்டிலிருந்து பிடுங்குவது குற்றம்.

நாம் செய்யக்கூடியது

செடி வாங்கும்போது, "இது நர்சரியில் வளர்த்ததா, காட்டிலிருந்து கொண்டு வந்ததா?" என்று கேளுங்கள். வேரில் மரப்பட்டை ஒட்டியிருந்தால் காட்டிலிருந்து பிய்த்ததாக இருக்கலாம். வாங்க வேண்டாம். வாங்குபவர் இல்லை என்றால் பிடுங்குபவரும் இருக்க மாட்டார்.

பதில் சொல்லுங்கள்

1. ஆர்க்கிட் வேர் வெள்ளையானால் என்ன செய்ய வேண்டும்?
2. அகத்தியமலைச் செடி ஏன் குறைந்தது?
3. உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது காணாமல் போன செடி எது? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.