வானப் படைக்கு நிலத்தின் துணை

விமானப் படை என்றவுடன் நம் கண் வானை நோக்குகின்றது. ஆயின் ஒரு விமானத்தை வானில் நிலைபெறச் செய்வது யாது என வினவின், அதன் விடை நிலத்திலேயே உளது. அரணுக்கு இலக்கணம் வகுத்த திருவள்ளுவர், மதிலின் உயர்வோடு அமையாது, அகத்தார்க்கு வேண்டும் உணவும் பிற பொருள்களும் நிறைந்திருத்தலையும் உடன் கூறினார். அவ்விலக்கணம் விரைந்து செல்லும் விமானப் படைக்கும் பொருந்துமாற்றை நம் கொங்கு நாட்டைக்கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு சிறு கணக்கு. பன்னிரண்டு போர் விமானங்கள் புதியதொரு தளத்துக்குச் செல்கின்றன. நாளொன்றுக்கு ஒவ்வொன்றும் மும்முறை பறப்பதாகவும், ஒரு முறைக்கு 3,000 லிட்டர் எரிபொருள் கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைத் தேவை 1,08,000 லிட்டர். எடையில் ஏறக்குறைய 86 டன். ஏஎன்-32 என்னும் சரக்கு விமானம் மிகுதியாகச் சுமப்பது 6.7 டன்னே. எனவே எரிபொருளை மட்டும் கொண்டுசேர்க்க அது நாள்தோறும் பதின்மூன்று முறை பறத்தல் வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளாயின் ஒன்பது போதும். விமானங்கள் சில மணி நேரத்திற் சென்று சேரும்; அவற்றின் உணவோ சாலையிலும் இருப்புப்பாதையிலுமே செல்லல் வேண்டும்.

ஆதலின் திட்டமிடுவோர் பொருள்களை மூவகையாகப் பகுப்பர். கருவிப்பெட்டிகள், அவசர உதிரியுறுப்புகள், தொழில்வல்லார் ஆகியவை படையோடு உடன் செல்வன. எரிபொருள், வெடிபொருள் போன்ற பளுவானவை முன்னரே தளத்திற் சேமிக்கப்படுவன. மற்றவை பின்தொடர்வன. இவற்றுள் இரண்டாவதே அரிது. எல்லாவற்றையும் ஓரிடத்திற் குவிப்பின் பகைவன் ஒரே தாக்குதலில் அழித்திடுவான். பல இடங்களிற் பகிரின் காவலும் செலவும் பெருகும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, ஆங்கிருந்த எண்ணெய்த் தொட்டியொன்று பற்றி எரிந்தமை இதற்குச் சான்றாகும்.

கடற்கரைத் தளங்களுக்கு நேரக்கூடிய இடரை அத்தாக்குதல் தெளிவாக்கிற்று. அப்போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையொன்றைக் கோவையில் நடத்திற்று. அதற்கு இட்ட பெயர் 'கருடா'. சூலூர்த் தளம் 'வைரி' எனப்பட்டது. இரண்டும் பறவைப் பெயர்களே. இவ்வூருக்கு அமைந்திருந்த வசதிகளை எண்ணிப் பார்த்தல் தகும். மேற்குத் தொடர்ச்சி மலை அரணாக நின்றது. அம்மலையிடையே பாலக்காட்டுக் கணவாய் வாயிலாகத் திறந்திருந்தது. அதன் வழியே கொச்சித் துறைமுகத்தோடு அகலப் பாதை இணைத்தது. பைக்காரா மின்சாரம் 1930களிலேயே வந்திருந்தது. எல்லாவற்றினும் மேலாக, நூற்பாலை யந்திரங்களோடு பழகிய கைகள் ஈண்டு மிகுதி. கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் செல்லும் எண்ணெய்க் குழாயும் பிற்காலத்தில் அக்கணவாய் வழியையே பற்றிற்று.

விடுதலைக்குப் பின், 1959இல் சூலூரில் விமானப் படையின் ஐந்தாம் பழுதுபார்ப்பு நிலையம் தோன்றிற்று. 2018இல் 45ஆம் அணியின் தேஜஸ் விமானங்கள் சூலூருக்கு வந்தன. 2020இல் 18ஆம் அணியும் தேஜஸ் பெற்று அங்கே அமைந்தது. 2024 ஆகஸ்டில் நிகழ்ந்த தரங்க சக்திப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் விமானங்கள் கண்டங் கடந்து சூலூருக்கு வந்தன. நெடுந்தொலைவு வரும் படைக்கு ஆதரவளிக்கும் தளம் எத்துணை இன்றியமையாதது என்பதை அங்கே கண்கூடாகக் கண்டோம். இவ்வேற்பாடு போருக்கு மட்டும் உரியதன்று. 2018இல் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2024இல் வயநாட்டில் மலை சரிந்தபோதும், சூலூரினின்று ஹெலிகாப்டர்கள் விரைந்தன. இடர் வந்தபின் சேமிக்கத் தொடங்கும் தளத்தினின்று அவை அங்ஙனம் விரைந்திரா.

வீரத்தைப் புகழ நாம் அறிவோம். சரக்கறைக் கணக்கைப் புகழ்வோர் சிலரே. ஆயினும் ஓர் அணையடைப்பு வளையம் கிட்டாமையால் கோடிக்கணக்கான பொருள்மதிப்புடைய விமானம் தரையிற் கிடத்தலும் கூடும்; அவ்வேளையில் கூரையின்மேல் உதவிக்குக் காத்திருப்போன் உயிரிழத்தலும் கூடும். மாணவ நண்பர்களே, எண்ணிக்கையிற் பிழையாமையும், சிறு பொருளைச் சிறிதென்று இகழாமையும் நாட்டுப்பணியேயாம். கணிதம் பயில்வோரும், பட்டறையில் அரம் பிடிப்போரும், பண்டசாலை ஏடு எழுதுவோரும் அவ்வானப் படையின் துணைவரே.