ஹெட்செட் மாட்டினால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

நம்பிக்கை: லேங்குவேஜ் லேபுக்கு ஒழுங்காகப் போனால் பிளேஸ்மென்ட்டுக்குள் சரளமாகப் பேச்சு வந்துவிடும்.

உண்மை: அங்கே என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. திரையில் நான்கு விடை வரும், சரியானதை க்ளிக் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரு பீரியட் முழுக்க வாயே திறக்காமல் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ படித்து முடித்தவர்கள் நம் பொறியியல் கல்லூரிகளில் ஏராளம்.

நம்பிக்கை: வாசிக்கச் சொல்லிக் கேட்கும் லேப் மென்பொருள் குறைவாக மார்க் போட்டால் என் உச்சரிப்பு தப்பு.

உண்மை: அவசரப்பட வேண்டாம். வாசிக்கச் சொன்ன வாக்கியம் மென்பொருளுக்கு முன்கூட்டியே தெரியும். உங்கள் குரலை ஒலி ஒலியாக நறுக்கி, தான் பழகிய குரல்களோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறது. அது யாருடைய குரல்களில் பழகியது என்பதில்தான் சிக்கல். 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர்கள் பேசியதில் நூற்றுக்குச் சுமார் 19 சொற்களில் பிழை. கறுப்பின அமெரிக்கர்கள் பேசியதில் 35. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே இந்தக் கதி! லேபின் மலிவான மைக்கும் தலைக்கு மேல் இரையும் மின்விசிறியும் தனிக் கணக்கு.

அதற்காக மென்பொருளையே தூக்கிப் போட வேண்டியதில்லை; அசை அழுத்தம் பழக அது உதவும். தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘போட்டோகிராஃப்’ என்றால் முதல் அசை ஓங்கும்; ‘போட்டோகிராஃபர்’ என்றதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ இலவச மென்பொருள். அதில் இரண்டையும் பதிந்து பாருங்கள்: குரல் ஏறி இறங்குவது கோடாகத் தெரியும். காதுக்குப் பிடிபடாதது கண்ணுக்குப் பிடிபடும்.

நம்பிக்கை: பிரிட்டிஷ் ஆக்சென்ட் வந்தால்தான் மதிப்பு.

உண்மை: கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1995-லேயே காட்டிவிட்டார்கள்: தாய்மொழிச் சாயல் தூக்கலாக இருந்தும் பேச்சு முழுதாகப் புரியலாம்.

நம்பிக்கை: ஏஐ-யே பேசுகிறது, இனி ஆள் எதற்கு?

உண்மை: கூச்சப்படுகிறவர்களுக்கு, முக்கியமாகத் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு, அது பெரிய உதவி. தப்பாகப் பேசினாலும் சிரிக்காது. ஆனால் குரூப் டிஸ்கஷனில் எட்டுப் பேர் முந்தியடிக்கும்போது நடுவில் புகுந்து பேசும் துணிச்சலை அது தராது. அதற்கு ஆள்தான் வேண்டும். உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டை இரண்டு நிமிடம் போனில் பேசிப் பதிந்து, ஒருமுறை கேளுங்கள். பிறகு அதையே அறைத்தோழரிடம் சொல்லுங்கள். இடையிடையே மறித்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.