சிறுநீர் குறைந்தால் சும்மா இருக்காதீங்க!



வயல் வேலைக்குப் போகும்போது, ஒதுங்க இடமில்லையே என்று நம்மில் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. சாயந்திரம் உடம்பு வலிக்குதுன்னு கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறோம். வெயில், தாகம், வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் ஓரிரு நாளிலேயே பாதிக்கப்படலாம். இதைத்தான் 'திடீர் சிறுநீரகப் பாதிப்பு' என்கிறார்கள்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் இரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி உடம்புக்கே திரும்புகிறது. கழிவு மட்டும் 1 முதல் 2 லிட்டர் சிறுநீராக வெளியேறுகிறது.

கோளாறு மூன்று விதமாக வரும். நம்ம வயலை நினைச்சுக்கோங்க.

1. வாய்க்காலில் தண்ணீர் வராதது போல: வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயில், பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. வலி மாத்திரைகள் இதை இன்னும் மோசமாக்கும்.

2. வயலே கெட்டது போல: கண்ணாடி விரியன் கடி, எலிக்காய்ச்சல், சில மருந்துகள்.

3. வடிகால் அடைத்தது போல: இரண்டு பக்கமும் கல், முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? 50 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 150 மில்லி, அதாவது ஒரு டம்ளர் சிறுநீர்கூட வரவில்லை என்றால் ஆபத்து. முகம், கால் வீக்கம், மூச்சுத் திணறல், குழப்பம் இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சிலருக்குச் சிறுநீர் குறையாமலும் பாதிப்பு வரும். அதனால் இரத்தத்தில் 'கிரியேட்டினின்' அளவு, சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் மூன்றும் பார்ப்பார்கள். கிரியேட்டினின் மெதுவாகத்தான் ஏறும். மறுநாளும் இரத்தம் எடுத்தால், "நேத்துதானே எடுத்தீங்க?" என்று தடுக்காதீங்க.

நாம் செய்ய வேண்டியவை:

● வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்க.
● டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்.
● பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகாமல் 108-ஐ அழையுங்க.
● வீக்கமும் மூச்சுத் திணறலும் இருப்பவருக்கு நாமாகத் தண்ணீரை அதிகம் கொடுக்கக் கூடாது.

சீக்கிரம் போனால் பலருக்குச் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பும். சிலருக்குச் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படலாம். பயப்படாதீங்க, எல்லோருக்கும் அது ஆயுள் முழுக்க அல்ல.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு விஷயம் பேசுவோம்: நாம் வேலை செய்யும் இடத்தில் குடிதண்ணீரும், ஒதுங்க மறைவிடமும் இருக்கா? இல்லையென்றால் சேர்ந்து கேட்போம்.