அழகுச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறாத காயம்: மறைக்காமல் காட்டுவோம்



லா சப்பலில் சீலைக் கடைக்கும் நகைக் கடைக்கும் இடையே நின்று பேசும்போது, முன்பெல்லாம் கேள்விப்படாத ஒரு விடயம் இப்போது காதில் விழுகிறது. பாரமான தோடு போட்டுக் கிழிந்த காதைத் தைப்பித்தவர், பிள்ளைப்பேற்றுக்குப் பின் தொங்கிய வயிற்றுத் தோலை எடுப்பித்தவர், மூக்கைத் திருத்தியவர் என எம்மவரிடையேயும் அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோர் இருக்கிறார்கள். சிலர் இங்கேயே செய்கிறார்கள். சிலர் விடுமுறையில் சென்னைக்கோ கொழும்புக்கோ போய்ச் செய்துவிட்டு, தையலுடன் விமானம் ஏறுகிறார்கள்.

அது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்வது எமது நோக்கமல்ல. அந்தக் காயம் ஒழுங்காக ஆறாவிட்டால் என்ன செய்வது என்பதையே இம்முறை பார்க்கப் போகிறோம். வேறு சத்திரசிகிச்சை என்றால் வீடு முழுவதும் அறியும், உறவினர் சூப் கொண்டு வருவார்கள். இதையோ பலர் ஒருவருக்கும் சொல்வதில்லை. "தேவையில்லாத வேலை பார்த்தாய்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து, காயம் சிவந்தாலும் சீழ் வைத்தாலும் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். சிறிய தொற்று பெரிய தொற்றாவது இந்தத் தாமதத்தில்தான்.

காயம் எப்படி ஆறுகிறது?

முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் அந்த இடம் சற்றுச் சிவந்து வீங்கியிருக்கும். கிருமிகளையும் இறந்த கலங்களையும் உடல் துப்புரவு செய்யும் காலம் அது. பின்னர் ஏறக்குறைய மூன்று கிழமை வரை புதிய இழையம் வளர்கிறது. அதன் பிறகு மாதக் கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக, தழும்பு இறுகி முதிர்கிறது. முழுமையாக ஆறிய தழும்பு கூட முன்பிருந்த தோலின் பலத்தில் ஏறக்குறைய 80 வீதத்தையே பெறும். வெளியே மூடிவிட்டது என்பதற்காக உள்ளேயும் ஆறிவிட்டது என்று எண்ணிப் பாரம் தூக்கக் கூடாது.

எந்த நாளில் எதைக் கவனிப்பது?

1. முதல் இரண்டு நாட்கள்: கட்டு முழுவதும் இரத்தம் ஊறுவது, ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுவது, மாத்திரைக்கு அடங்காத வலி. உள்ளே இரத்தம் தேங்கியிருக்கலாம். விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

2. நான்கு, ஐந்து நாட்களின் பின்: வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மீண்டும் கூடினால், சிவப்பு பரவினால், சூடு, சீழ், நாற்றம், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் இருந்தால் கிருமித் தொற்று எனக் கருதி அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

3. இரண்டாம் கிழமை: தையல் விட்டுப்போதல், தோலின் ஓரம் கறுத்துப் போதல், தோலுக்கு அடியில் நீர் கட்டித் தளும்புதல். வயிற்றுச் சத்திரசிகிச்சையின் பின் நீர் கட்டுவது அடிக்கடி நடப்பது. வைத்தியர் ஊசியால் எடுத்துவிடுவார். நாமே அமத்திப் பார்ப்பது கூடாது.

4. பல கிழமைகளின் பின்: ஆறிய இடத்தில் சிறு கட்டிகள் தோன்றி உடைந்து, மீண்டும் மீண்டும் வருதல். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த மைக்கோபக்டீரியா சில இப்படிச் செய்யும். 2003, 2004ஆம் ஆண்டுகளில் டொமினிக்கன் குடியரசுக்குப் போய் அழகுச் சத்திரசிகிச்சை செய்து திரும்பிய அமெரிக்கப் பெண்கள் பலருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டது. வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. சாதாரண சோதனையிலும் தவறிவிடலாம். வெளிநாட்டில் சத்திரசிகிச்சை செய்ததைச் சொன்னால்தான் வைத்தியர் அதற்குரிய சோதனையைக் கேட்பார்.

5. மாதங்களின் பின்: தழும்பு தடித்து, அரித்து, காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்தால் அது கெலோயிட். எம்மைப் போன்ற கருந்தோல் உடையோருக்கு இது கூடுதலாக வரும். காது மடலும் நெஞ்சும் தோளும் இதற்குப் பேர்போன இடங்கள். வெட்டி எடுப்பதோடு மட்டும் விட்டால் பெரும்பாலும் திரும்ப வளரும். தழும்புக்குள் ஊசி, சிலிக்கோன் தகடு, அழுத்தம் கொடுத்தல் என வேறு சிகிச்சைகளையும் சேர்த்தே செய்வார்கள். காது குத்தியபோதே தடித்தவர்கள் எந்தச் சத்திரசிகிச்சைக்கும் முன் அதைச் சொல்ல வேண்டும்.

கால் ஒன்று வீங்கி நோவது, திடீரென மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி ஆகியவை இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனதன் அறிகுறியாக இருக்கலாம். சத்திரசிகிச்சையும் நீண்ட விமானப் பயணமும் சேரும்போது இந்த ஆபத்து கூடுகிறது. நெஞ்சு அல்லது வயிற்றுச் சத்திரசிகிச்சையின் பின் குறைந்தது பத்து நாட்களாவது விமானம் ஏற வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. உங்களுக்கு எத்தனை நாள் என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டுவிட்டுப் பயணச்சீட்டைப் பதிவு செய்யுங்கள்.

ஆறுவதைத் தடுப்பவை

எம்மவரிடையே சலரோகம் அதிகம். இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் கிருமி வளரும், காயம் ஆறாது. புகைத்தல் இரத்தக் குழாய்களைச் சுருக்கித் தோலின் ஓரத்தைச் சாகடிக்கும். குறைந்தது நான்கு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

பலர் சொல்லாமல் விடுவது இன்னொன்று: முகத்தை வெள்ளையாக்கும் கிறீம்கள். இவற்றில் சிலவற்றில் குளோபீட்டாசோல் போன்ற கடுமையான ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். நீண்ட காலம் பூசினால் தோல் மெலிந்து, காயம் ஆறுவது தாமதமாகும். பெட்டியையே கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கிரந்தியும் கோப்பித்தூளும்

காயம் என்றவுடன் வீட்டிலுள்ள பெரியவர்கள் மீன், முட்டை, இறால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் "கிரந்தி" என்று நிறுத்திவிடுவார்கள். அவர்களின் அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆனால் புதிய தோலைக் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் காயம் ஆறப் பிந்தும். ஒவ்வாமை இல்லாதவர்கள் மீன், முட்டை, கோழி, பருப்பு, தயிர் ஆகியவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். தோடம்பழம், கொய்யாப்பழம், கீரை வகைகளும் நல்லவை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுச் செய்யவும்.

காயத்தின் மேல் மஞ்சள், கோப்பித்தூள், பற்பசை, நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். மஞ்சள் கறிக்கு நல்லது. தைத்த காயத்தில் போட்டால் கிருமி சேர்வதோடு, சிவப்பு பரவுகிறதா என்று பார்க்கவும் முடியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த மிச்ச மாத்திரைகளைத் தாமாகவே விழுங்குவதும் ஆபத்து. நோய் பாதி அடங்கி, சோதனையில் கிருமி பிடிபடாமல் போகும். ஆறிய தழும்பை ஒரு வருடமளவு வெயில் படாமல் காத்தால் கறுப்பது குறையும்.

பரிசில் எங்கே போவது?

அவசரம் இல்லாவிட்டால் முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். அவர் எழுதித் தந்தால் தாதி வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுவார். பலருக்கு இந்த வசதி தெரிவதில்லை. மூச்சு முட்டல், நிற்காத இரத்தம், நடுக்கத்துடன் காய்ச்சல் என்றால் 15 அல்லது 112ஐ அழையுங்கள். லா சப்பலில் இருப்பவர்களுக்கு கார் டு நோர் அருகிலுள்ள லரிபுவசியர் வைத்தியசாலையின் உர்ஜான்ஸ் நடக்கும் தூரத்திலேயே உள்ளது. தோல் நோய்களுக்குப் பேர்பெற்ற சென் லூயி வைத்தியசாலையும் அதே பத்தாம் வட்டாரத்தில்தான். கார்ட் வித்தால் இல்லாதவர்களும் பின்வாங்க வேண்டாம். அரசு வைத்தியசாலைகளில் அவர்களுக்கென்றே "பாஸ்" எனும் பிரிவு உண்டு.

"ஊரில் செய்ததற்கு இங்கே ஏசுவார்களோ?" என்று சிலர் கேட்கிறார்கள். ஏசினாலும் காயத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் சொல்வது வைத்திய இரகசியம். உங்கள் சம்மதமின்றிக் கணவருக்கோ மாமியாருக்கோ வைத்தியர் அதைச் சொல்லக் கூடாது. மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். தாயின் உடம்பைப் பற்றிப் பிள்ளை பேசுவது இருவருக்கும் கஷ்டம், முக்கியமான விடயமும் விடுபட்டுப் போகும். நம்பிக்கையான ஒரு பெரியவரை அழைத்துச் செல்லுங்கள். சத்திரசிகிச்சைக் கடிதம், மருந்துச் சீட்டு, உள்ளே ஏதாவது பொருத்தியிருந்தால் அதன் அட்டை ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனிச் செய்ய இருப்பவர்களுக்கு

பிரான்சில் 2005ஆம் ஆண்டு யூலை மாத ஆணையின்படி, செலவு விபரம் எழுதிய "டெவி" தந்த நாளிலிருந்து 15 நாட்கள் கழியாமல் அழகுச் சத்திரசிகிச்சை செய்ய முடியாது. இந்த நாட்கள் நீங்கள் ஆறுதலாக யோசிப்பதற்கானவை. வெளிநாட்டில் செய்வதானாலும் அதே 15 நாட்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பிய பின் காயத்தை யார் பார்ப்பார், பிழைத்தால் யார் திருத்துவார், அந்தச் செலவு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் கிடைக்காவிட்டால் குறைந்த விலை என்று சொல்வதை நம்பிப் போக வேண்டாம்.

கடைசியாக வீட்டிலிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அக்காவோ தங்கையோ மருமகளோ இப்படிச் செய்துவிட்டு வந்து நின்றால், "ஏன் செய்தாய்?" என்ற கேள்வியைக் காயம் ஆறிய பின் கேட்கலாம். இப்போது கேட்க வேண்டியது, "காயம் எப்படி இருக்கு, வைத்தியரிட்ட போவமா?" என்பதுதான். ஏச்சு விழாது என்று தெரிந்தால் அவர்கள் முதல் நாளே காட்டுவார்கள். முதல் நாளே காட்டிய காயத்துக்குப் பெரும்பாலும் சிறிய சிகிச்சையே போதும்.

மேலே சொன்னவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே. உங்கள் காயத்துக்கு உங்கள் வைத்தியர் சொல்வதே முடிவு. அடுத்த இதழில் சந்திப்போம். நலமுடன் வாழ்வோம்.