ஓய்வுக்குப் பிறகும் வரும் சம்மன்

பாபநாசம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காவல் துறைத் தேர்வில் நீ தேறிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். மனம் நிறைந்துவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டிருந்தாய்.

பந்தோபஸ்து இல்லாத தீபாவளி இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், நாம் விசாரித்த வழக்குகள் நம்மோடு ஓய்வு பெறுவதில்லை. சம்மன் வீடு தேடி வரும். காக்கியைக் கழற்றிய பிறகும் அரசுத் தரப்பு சாட்சியாகக் கூண்டேற வேண்டும்.

சில வழக்குகள் எவ்வளவு நீளும் என்று பார். சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டு 2008-இல் வழக்கானது. அதில் குற்றம் சாட்டப்பட்ட சிலை வியாபாரி சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டார். 2012-இல் இங்கே கொண்டுவரப்பட்டார். பக்கத்துக் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது 2022 நவம்பர் 1-ஆம் தேதி. இத்தனை நீளும் வழக்கை ஒரே அதிகாரி தொடங்கி முடிப்பது அபூர்வம். சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவின் ஐ.ஜி. பொன் மாணிக்கவேல் 2018 நவம்பர் 30-இல் ஓய்வு பெற்ற அன்றே, உயர் நீதிமன்றம் அவரை ஓராண்டுக்குச் சிறப்பு அதிகாரியாக அமர்த்தியது. அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லோருக்கும் அப்படி நீட்டிப்பு கிடைக்காது. அடுத்து வருகிறவர் பிரித்துப் படித்ததும் விளங்குகிற சி.டி. ஃபைல், அதாவது கேஸ் டைரிதான் வழக்கைத் தாங்கும்.

அதனால் சம்பவ இடத்தில் பார்த்ததைப் பதிவு செய்யும் மகஜரை எழுதும்போது அவசரப்படாதே. 'வாய்க்கால் கரையில் கிடந்தது' என்றால் போதாது. எந்த வாய்க்கால், எந்த மதகிலிருந்து எத்தனை அடி, அன்று தண்ணீர் ஓடியதா? கோடையில் நீ அளந்த குடமுருட்டி மணல், மேட்டூர் அணை திறந்தால் தண்ணீருக்கடியில் போய்விடும். குறுவையில் பார்த்த வயலை அறுவடைக்குப் பிறகு நீயே அடையாளம் காணமாட்டாய். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும், நல்ல ஏற்பாடு. ஆனாலும் குறுக்கு விசாரணையில் வக்கீல் உன் எழுத்தை வரிவரியாகப் பிடித்துத்தான் கேட்பார். பார்க்காததை ஒரு வரிகூடச் சேர்க்காதே. அந்த ஒரு வரியால் குற்றவாளி தப்பலாம், அப்பாவி உள்ளே போகலாம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதைக்கும்.

பயிற்சிக்குப் புறப்படுமுன் இங்கே வந்து போ. திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறதல்லவா, வட்டமான செங்கல் கட்டடம்? அதற்கு ஒரு பார்வை மகஜர் எழுதி, மாதிரி வரைபடமும் வரைந்து காட்டு. திசையைத் தவறவிடாதே. நான் வக்கீலாக இருந்து கேள்வி கேட்கிறேன்.

அன்புடன்,
மாமா