மசாலாச் சரக்கு: மண்டி விலையும் அடக்க விலையும்

அரிசி, பருப்பு, சர்க்கரை ஆகியவற்றின் விலை வாடிக்கையாளர்களுக்கே மனப்பாடம். அவற்றில் லாபமும் சொற்பம். வத்தல், மல்லி, சீரகம், மிளகு போன்ற மசாலாச் சரக்குகளில்தான் சில்லறை வணிகர் நாலு காசு பார்க்க முடிகிறது. கைமுதல் கரைவதும் இதே சரக்கில்தான். மண்டியில் சொல்லும் விலையையே அடக்க விலை என்று எடுத்துக்கொள்வதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஒரு சிறு கணக்கு

50 கிலோ வத்தல் மூட்டை ஒன்றைக் கிலோ 180 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விலை 9,000 ரூபாய். காய்ச்சல் போதாத சரக்கு. உலர்ந்து எடை குறைந்து, தூசியும் வெளிறிய வத்தலும் கழிந்தபின் 45 கிலோதான் தேறியது என்றால் அடக்கம் கிலோ 200 ரூபாய். நன்கு காய்ந்த இன்னொரு மூட்டை கிலோ 190 வீதம் 9,500 ரூபாய். அதில் 49 கிலோ தேறினால் அடக்கம் 194 ரூபாய்க்குள் அடங்கும். பத்து ரூபாய் மலிவு என்று எடுத்த சரக்கு, ஆறு ரூபாய் கூடுதலில் முடிகிறது. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தவணைக்கு எடுத்தால் வட்டி ஆகியவற்றையும் சேர்த்த பிறகே விற்பனை விலை போட வேண்டும்.

வரத்துக் காலம்

குண்டூர் வத்தல், ஈரோடு மஞ்சள், குஜராத்தின் ஊஞ்சா சந்தைக்கு வரும் சீரகம், ராஜஸ்தான் மல்லி ஆகியவற்றின் புது வரத்து பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. கேரளம், குடகு மிளகு அறுவடை டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நடக்கும். ஏலக்காய் பறிப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கும். அப்போது போடிநாயக்கனூர் ஏல விலையைக் கவனித்து வர வேண்டும். வரத்து மிகுந்த நேரத்தில் வாங்குவது பொதுவாக நல்லது. ஆனால் புதுச் சரக்கில் ஈரம் இருக்கும்; காய்ச்சல் பார்த்தே எடுக்க வேண்டும்.

விலை ஏறுகிறது என்று கேள்விப்பட்டுக் கடன் வாங்கிக் குவிப்பது வேறு விஷயம். 2023 ஜூலையில் முன்பேரச் சந்தையில் சீரகம் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியது. 2024 மார்ச்சில், புது வரத்து வந்தபோது, அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கி அடுக்கியவர் நிலை என்னவாகியிருக்கும்? சில்லறைக் கடைக்கு ஒன்றிரண்டு மாத விற்பனைக்கான சரக்கே போதும்.

கையால் சோதியுங்கள்

மூட்டையின் வாயில் மட்டும் பார்க்காமல் நடுவிலும் அடியிலும் கைவிட்டு மாதிரி எடுங்கள். வத்தலைக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துக் கரி ஒட்டினால் அது கலப்படம். நல்ல கிராம்பு நீரில் அமிழும்; எண்ணெய் எடுத்த சக்கை மிதக்கும். மிளகில் பப்பாளி விதையும் உள்ளீடற்ற சொத்தையும் மிதந்து காட்டிக்கொடுக்கும். மிளகை லிட்டர் எடையில் தரம் பிரிப்பது வழக்கம். லிட்டர் படியில் அளந்து தராசில் வையுங்கள். 550 கிராமும் அதற்கு மேலும் நின்றால் கனமான சரக்கு.

பில் இல்லாத மலிவு

பில் வேண்டாமென்றால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துத் தருவதாகச் சிலர் ஆசை காட்டுவார்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, சரக்கை நமக்கு விற்றவர் தரும் பில்லே அதன் தரத்துக்கான உத்தரவாதமாகக் கொள்ளப்படுகிறது. யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கு, 27-ஆவது பிரிவின்படி, விற்றவரே பொறுப்பு. கலப்படம் செய்தவர் எங்கோ இருப்பார். மாதிரி எடுக்க அதிகாரி வருவது நம் கடைக்குத்தான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்து, வழக்கை விலைக்கு வாங்கலாமா? அரைத்த மசாலாப் பொடிகளைப் பொட்டலமிடாமல் உதிரியாக விற்பதற்கும் விதிகளில் இடமில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

சேர்ந்து வாங்கலாம்

தனித்தனியே இரண்டு மூட்டை கேட்கும்போது மண்டியில் பேரம் எடுபடாது. ஒரே பகுதியைச் சேர்ந்த ஐந்தாறு கடைக்காரர்கள் சேர்ந்து ரொக்கத்துக்கு எடுத்தால் விலையும் குறையும், வாடகையும் பங்காகும். பில்லை மட்டும் அவரவர் கடை பெயரில் தனித்தனியே போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு நோட்டில் ஒவ்வொரு மூட்டைக்கும் வாங்கிய மண்டி, தேதி, விலை, வந்த எடை, கழிவு போகத் தேறிய எடை ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஓராண்டு எழுதினால், எந்த மண்டிச் சரக்கு உண்மையில் மலிவு என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.